செண்பகவல்லியின் கடன் அட்டை

ஜூன் 14, வெள்ளி

என் பெயர் கு. மதிவாணன். வயது ஐம்பது. புதுக்கோட்டையில் முத்திரை ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். கடைகளில் உள்ள தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியானவற்றுக்கு அரசு முத்திரை இடுவதும் தவறானவற்றைப் பறிமுதல் செய்வதும் என் தொழில். இந்நாட்குறிப்பைத் தொடங்குவதன் நோக்கம் ஒன்றே: என் மனைவி திருமதி செண்பகவல்லியிடம் ஒரு கடன் அட்டை இருப்பது இன்று தெரியவந்தது. அதன் பயன்பாட்டை முறைப்படி சோதித்து, அது இவ்வீட்டில் இருக்கத் தகுந்ததா என்று நான் முடிவு கூற வேண்டும்.

தெரியவந்த விதம் வருமாறு. காய்ச்சலால் இன்று விடுப்பில் இருந்தேன். முற்பகலில் கூரியர்காரர் ஓர் உறையுடன் வந்தார். "மேடம் இல்லையா சார்? போன தடவை அவங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்குனாங்க" என்றார். "போன தடவை" என்ற சொற்கள் என்னை நிறுத்தின. உறைக்குள் இருந்தது கடன் அட்டை.

என் மனைவி வீட்டின் முன்னறையில் ஆரி வேலைப்பாடு செய்து ரவிக்கைகள் தைத்துக் கொடுக்கிறார். அவருடன் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். நூல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தவர் திரும்பியதும் உறையை முன்னே வைத்தேன்.

"என்ன இது?"

"கார்டுங்க. பழசு தேதி முடிஞ்சிருச்சு, புதுசு அனுப்பிருக்கான்."

"எத்தனை வருஷமா?"

"ஏழு வருஷம் ஆச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டால்தான் சொல்வதா?"

"சொன்னா அதுக்கும் ஒரு முத்திரை குத்தணும்பீங்க" என்று சொல்லிவிட்டு நூற்கண்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார்.

என் நிலைப்பாட்டைப் பதிவு செய்கிறேன். இருபத்தேழு ஆண்டுப் பணியில் நான் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. இந்த வீட்டை அறை அறையாகக் கட்டினேன். சமையலறைக்குக் கதவு வந்தது வீடு குடிபுகுந்த நான்காம் ஆண்டில். எந்த வங்கியும் என்னைத் தொலைபேசியில் அழைத்து எதையும் நினைவூட்டியதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அட்டையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கி, மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி, பெட்டி பழுதான பிறகும் அசல் குறையாமல் நிற்கிறார். எனக்குப் பதினொரு வயதில் என் தந்தையின் மளிகைக் கடையிலிருந்து கடன் கொடுத்தவர்கள் தராசைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இது இக்குறிப்புக்குத் தொடர்பற்றது.

மாலையில் நிபந்தனைகள் எழுதப்பட்டன. செப்டம்பர் வரை அட்டையின் ஒவ்வொரு பட்டியலும் எனக்குக் காட்டப்பட வேண்டும். ஒரு ரூபாய் வட்டியோ தாமதக் கட்டணமோ விழுந்தால் அட்டை வெட்டப்படும்.

"சரி. நான் பாஸாயிட்டா?"

"அட்டை இருக்கலாம்."

"அது இப்பவும்தான் இருக்கு. எனக்கு என்ன குடுப்பீங்க?"

நான் பதில் சொல்லுமுன் அவரே சொன்னார். "எம்பிராய்டரி மெஷின் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடணும்."

கணினியில் இயங்கும் அந்தத் தையல் இயந்திரத்தைப் பற்றித் தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பெண்கள் ஒரு வாரம் செய்வதை ஒரு நாளில் செய்யுமாம். கல்யாண ஆர்டர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிராதாம். பணம் சேர்த்து வாங்கலாம் என்று நான் சொல்லிவருகிறேன். "சேத்து முடிக்கையில எனக்குக் கண்ணு தெரியாது" என்பார்.

ஒப்புக்கொண்டேன். சோதனையில் தவறினால் அட்டையும் இல்லை, இயந்திரப் பேச்சும் இனி இல்லை என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.

ஜூன் 20, வியாழன்

இன்று அட்டையின் மாதப் பட்டியல் வரும் நாள். வட்டி இல்லை. கட்டணம் இல்லை. இது சோதனைக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. எனவே மதிப்பெண் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

வழிமுறையைக் கவனித்தேன். அட்டை, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் பாபின்களோடு கிடக்கிறது. கைப்பையில் வைத்துக்கொள்வதில்லை, தேவையான நாளில் மட்டும் எடுக்கிறார். காலையில் அட்டையில் ஜரிகையும் கண்ணாடி மணியும் வாங்கினார். மாலை விளக்கேற்றிய கையோடு கைபேசியை எடுத்து, அதே தொகையைத் தன் கணக்கிலிருந்து வேறொரு கணக்குக்கு மாற்றினார்.

"இப்பொழுதே ஏன்? கெடு அடுத்த மாதம்தானே?"

"செலவு பண்ணியாச்சுல்ல. இனி அந்தக் காசு என்னுதில்ல. கண்ணுல பட்டா கை அரிக்கும், அதான் தள்ளி வச்சிடுறேன்."

வணிகர்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டால் எங்கள் துறைக்கு வேலை இராது. இதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 3, புதன்

முற்பகல் ஆலங்குடியில் சோதனை. ஒரு பாத்திரக் கடையில் முத்திரையில்லாத மின்தராசு இருந்தது. "ஐயா, புத்தம் புதுசு. ஒரு சாமான் வச்சதில்ல, அதுல என்ன தப்பு வரப்போவுது?" என்றார் கடைக்காரர். எடை வைத்துப் பார்க்காத தராசைச் சரியான தராசு என்று சொல்ல முடியாது, அது சோதிக்கப்படாத தராசு மட்டுமே என்று வழக்கம்போல் விளக்கிவிட்டு வந்தேன். மோர் கொடுத்தார். மறுத்துவிட்டேன்.

பிற்பகல் வீட்டில் இருக்கையில் என் மனைவிக்கு ஓர் அழைப்பு வந்தது. அட்டையின் வரம்பை இரு மடங்காக உயர்த்தித் தருவதாக ஒரு பெண் பேசினார். நான் அருகில் நின்று கேட்டேன்.

"வேணாம்மா."

எதிர்முனையில் ஏதோ வற்புறுத்தல்.

"ஏம்மா, இருபத்தஞ்சு வருஷமா என் புருஷனே எனக்கு லிமிட்டைக் கூட்டல. நீ என்னம்மா கூட்டுறது? இருக்கிறதுலயே கால்வாசிதான் எடுக்கிறேன். உன் வேலைய நீ பாக்குற, தப்பில்ல. வச்சிடவா?"

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

ஜூலை 5, வெள்ளி

பட்டியல் தொகையை முழுவதுமாகச் செலுத்திவிட்டார். கெடு ஒன்பதாம் தேதி. நான்கு நாள் முன்னதாகச் செலுத்தியதைச் சுட்டிக்காட்டினேன். "நெட்டு வராது, கரண்டு போகும், காய்ச்சல் வரும். நமக்கு வரலாம், பேங்குக்கும் வரலாம்" என்றார். அறிவியல் ஆதாரமில்லாத பதில். ஆயினும் பிழை காண முடியவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. கூடவே மொய் விருந்து அழைப்பிதழ்களும் வந்துவிட்டன. செண்பகவல்லி கீரமங்கலம் பக்கத்தைச் சேர்ந்தவர். அப்பகுதியில் ஆடி மாதத்தில் பணத்தேவை உள்ளவர் பந்தலிட்டுக் கறி விருந்து வைப்பார். வருகிறவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். அவர் அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவார், மகளைப் படிக்கவைப்பார். எழுதியவர்கள் பிறகு விருந்து வைக்கும்போது, வாங்கியதைச் சற்றுக் கூட்டித் திருப்பி எழுதுவார். வட்டி என்ற சொல் கிடையாது. ஆவணம் கிடையாது. கெடுத் தேதியும் கிடையாது. கெடுவில்லாத ஒன்றை எப்படிக் கடன் என்பது, கடன் இல்லையென்றால் ஏன் திருப்ப வேண்டும் என்று திருமணமான புதிதில் கேட்டேன். சிரித்தார்கள். அன்றிலிருந்து அத்துறையைச் செண்பகவல்லியின் பொறுப்பில் விட்டுவிட்டேன்.

இவ்வாண்டு அழைப்புகள் பதினொன்று. அவற்றுள் ஒன்று அவர் தம்பி தங்கராசுவுடையது.

ஜூலை 21, ஞாயிறு

இன்று நான் எதிர்பாராத ஒன்று.

மாதாந்தர மளிகை நேற்றே வாங்கியிருக்க வேண்டும். "இருபதாம் தேதி கழியட்டும்" என்று தள்ளிப்போட்டுவிட்டு இன்று அழைத்துச் சென்றார். இரண்டு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் ஒரே முறையில் அட்டையில் வாங்கப்பட்டன. இது கட்டுப்பாட்டின் தளர்ச்சி என்று கருதி, வீட்டுக்கு வந்ததும் விளக்கம் கோரினேன்.

"நேத்து வாங்கியிருந்தா ஆகஸ்டு ஒம்பதுல கட்டணும். இன்னிக்கு வாங்குனது அடுத்த பில்லுல வரும். செப்டம்பர் ஒம்பது வரைக்கும் டைம். ஒரு பைசா வட்டி கெடையாது."

"அதற்கு என்ன அவசியம்? என் சம்பளம்தான் முதல் தேதியே உன் கையில் இருக்கிறதே?"

அவர் அரிசிப் பையைக் கீழே வைத்தார்.

"ஆடியில உங்க சம்பளம் அத்தனையும் மொய்க்குப் போயிருதுங்க. மொய்க்குக் கார்டு தேய்க்க முடியுமா? ரொக்கமாத்தான் வைக்கணும். கார்டுல பணமா எடுத்தா அன்னிக்கே வட்டி ஏறும், அந்தப் பக்கமே நான் போறதில்ல. அதான் வீட்டுச் சாமானைக் கார்டுல வாங்கிட்டு, ரொக்கத்தை மொய்க்கு வைக்கிறது. ஆவணியில கல்யாண பிளவுசு காசு வந்துரும். கட்டிடுவேன்."

"ஏழு ஆடியாக இப்படித்தானா?"

"ஆமா."

"அதற்கு முன்னால்?"

"வளையலை வச்சுட்டு ஆவணியில மீட்டேன்."

நான் கடனின்றிக் குடும்பம் நடத்தியதாக எழுதிய ஆண்டுகளில், ஆடி மாதங்களில் அவர் கையில் வளையல் இருந்ததா என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 22, திங்கள்

அலுவலகம். வேறு குறிப்பில்லை.

ஆகஸ்டு 4, ஞாயிறு

தங்கராசுவின் விருந்து. தென்னந்தோப்பில் பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாக மேசைகள், மேசைக்கொரு எழுத்தர். கூட்டத்தில் என் எல்லைக்குட்பட்ட கடைக்காரர்கள் மூவர் இருந்தார்கள்; வணக்கத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

பந்தி முடிந்ததும் தங்கராசு வந்து என் அருகில் அமர்ந்தார். பல்குத்திக்கொண்டே பேசுவது அவர் வழக்கம்.

"மச்சான், அடுத்த ஆடிக்கு நீங்க வைங்க. அக்கா மெஷினுக்கு லோனு கீனுன்னு அலையுதே, எதுக்கு? இருவது வருஷமா எல்லா வீட்டுக்கும் போட்டுக்கிட்டே இருக்கு. நீங்க பந்தல் போட்டா பந்தல் தாங்காது. மெஷினு என்ன, மெஷினு வைக்கக் கட்டடமே வந்துரும்."

நான் அரசு ஊழியர் நடத்தை விதிகளை நினைவூட்டினேன். நான் சோதிக்கும் தராசுக்குரியவர் என் வீட்டு மேசையில் மொய் எழுதலாகாது. கூட்டத்தில் யார் வணிகர், யார் உறவினர் என்று பிரிக்கவும் முடியாது. பாதிப் பேர் இரண்டுமாக இருக்கிறார்கள்.

"கடைக்காரங்களை விட்டுட்டு மத்தவங்களுக்கு மட்டும் பத்திரிக்கை வைங்க."

"பத்திரிகை வைக்காவிட்டாலும் வருவார்கள்."

"வந்தா வேணாம்னு அனுப்பிருவீகளோ? சோத்தைப் போட்டுட்டு மொய் எழுதாதேன்னு சொல்லுவீகளோ!" என்று சிரித்தார்.

செண்பகவல்லி வெற்றிலைத் தட்டுடன் நின்றிருந்தார். "அவரை விடு தங்கராசு. கல்யாணம் ஆன அடுத்த வருஷமே எனக்குத் தெரியும், நம்ம வீட்டுல மொய் விருந்து ஆகாதுன்னு. அவரு உத்தியோகம் அப்புடி. அதுக்குத்தான் கார்டு வாங்குனேன்."

"கார்டுக்கும் இதுக்கும் என்னக்கா?"

"நம்ம ஊருல ஒழுங்காத் திருப்பிச் செய்றவளான்னு ஊரு பாத்து வச்சிருக்கு. பேங்குக்கு என்னை யாருன்னு தெரியும்? ஏழு வருஷமா மாசாமாசம் வாங்கி, மாசாமாசம் திருப்பிக் குடுத்துக் காட்டிருக்கேன். இப்பக் கேட்டா குடுப்பான்."

தங்கராசு பல்குச்சியை எடுத்துவிட்டுக் கைதட்டினார். நான் எழுந்து கை கழுவப் போனேன். முன்பே கழுவியிருந்தேன்.

இருபது ஆண்டுகளாக எழுதிய மொய் எதையும் அவர் திரும்ப அழைக்கவில்லை. என் முத்திரையை நோக்கி ஒருவரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்பதற்காக வேறொரு வழியைத் தேடி, அதில் ஏழு ஆண்டு தனியே நடந்திருக்கிறார். இதைச் சோதனைக் குறிப்பில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

ஆகஸ்டு 5, திங்கள்

இன்னும் மூன்று விருந்துகள் இருப்பதால் செண்பகவல்லி தம்பி வீட்டில் தங்கிவிட்டார், ஞாயிறன்று திரும்புவார். இம்மாத அட்டைத் தொகையை நானே செலுத்துவதாகச் சொல்லியிருக்கிறேன். நடைமுறையை நேரில் அறியாமல் முடிவு கூறுவது முறையல்ல.

தொலைபேசியில் பேசினார். "இன்னிக்கே போட்டுடுங்க. எப்புடிப் போடுறதுன்னு சொல்லவா?"

"காசோலையாகச் செலுத்துகிறேன். கெடு ஒன்பதாம் தேதிதானே?"

"அது கடைசித் தேதிங்க."

"கடைசித் தேதியும் தேதிதான்."

"சரி, மறந்துராதீங்க" என்றார். நான் எதையும் மறப்பதில்லை. முன்கூட்டிச் செலுத்துவதை விதி கோரவில்லை. கூடுதல் எடை காட்டும் தராசும் பிழையான தராசே.

ஆகஸ்டு 9, வெள்ளி

காசோலையை எழுதி, பின்புறம் அட்டை எண்ணைக் குறித்து, அலுவலகம் முடிந்ததும் வங்கிக்குச் சென்று காசோலைப் பெட்டியில் இட்டேன். தேதி ஒன்பது. கடமை முடிந்தது.

வாசலில் நின்ற காவலர், "இன்னிக்குப் பொட்டிய எடுத்துட்டாங்க சார். இனி திங்கக்கிழமைதான்" என்றார். செலுத்திய தேதியே கணக்கு என்று விளக்கினேன். "அப்புடியா சார்" என்றார்.

ஆகஸ்டு 10, சனி

இரண்டாம் சனி. வங்கி விடுமுறை. தோசை வார்த்தேன், ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்டு 11, ஞாயிறு

செண்பகவல்லி மாலையில் வந்தார். பையைக் கூட வைக்கவில்லை.

"கட்டியாச்சா?"

"ஒன்பதாம் தேதியே பெட்டியில் போட்டாயிற்று."

"பொட்டியிலயா?"

விவரம் சொன்னேன். பெட்டி திங்களன்று திறக்கப்படும், காசோலை செவ்வாயன்று பணமாகும் என்பதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் விளங்கத் தொடங்கியது. காசோலை அவர்களிடம் சேரும் நாள் கணக்கல்ல. பணம் சேரும் நாள்தான் கணக்கு. அவர் கைபேசியைத் திறந்து பார்த்தார். செலுத்த வேண்டிய தொகை அப்படியே நின்றது. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி.

"ஏழு வருஷங்க" என்றார்.

கோபித்திருக்கலாம், கோபிக்கவில்லை. முன்னறையில் போய் உட்கார்ந்து, ஒதுக்கி வைத்திருந்த கணக்கிலிருந்து முழுத் தொகையையும் கைபேசியிலேயே செலுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் அட்டையின் விதிமுறைகளை எடுத்துவைத்துப் படித்தேன். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் உண்டு, வங்கிகள் பார்க்கும் கடன் பதிவிலும் ஏறும். இன்று இரண்டாம் நாள். "பதிவில் ஏறாது" என்று போய்ச் சொன்னேன்.

"நெசமாவா?"

"விதி எண் காட்டட்டுமா?"

"வேணாம்" என்றார். சிரிப்பது போலத் தோன்றியது, உறுதியில்லை.

ஆகஸ்டு 12, திங்கள்

பெட்டி திறக்கும் முன் வங்கிக்குச் சென்று, அதன் அருகிலேயே நின்று, என் காசோலையைத் திரும்பப் பெற்றேன். அதே காவலர். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

ஆகஸ்டு 21, புதன்

பட்டியல் நேற்று வந்தது. தாமதக் கட்டணம் இல்லை. ஆனால் வட்டி என்ற வரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

மாலை அலுவலகத்திலிருந்து வந்தபோது மேசைமேல் பட்டியல், அதன்மேல் அட்டை, அதன்மேல் துணி வெட்டும் பெரிய கத்தரி. பக்கத்தில் ஜூன் பதினான்காம் தேதி நாங்கள் கையொப்பமிட்ட தாள். வேலைக்கு வரும் பெண்கள் போய்விட்டிருந்தார்கள்.

"ஒரு ரூபா வட்டி விழுந்தாலும் வெட்டணும்னு எழுதிருக்கு. வெட்டுங்க" என்றார்.

"இது உன் தவறல்ல."

"யாரு தப்புன்னு தாள்ல எழுதலையே. வட்டி விழுந்தா வெட்டணும்னுதான் எழுதிருக்கு. நீங்க எழுதுனதுதான்."

உண்மை. நான்தான் எழுதினேன், விதிவிலக்கு எதுவும் வைக்கவில்லை. என் பணிக்காலத்தில் எந்தக் கடைக்காரருக்கும் நான் எழுத்தை மீறிச் சலுகை காட்டியதில்லை. கத்தரி நல்ல எடையுள்ளது. கையில் எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்ததை நான் கண்டேன் என்று இங்கே எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

கத்தரியைக் கீழே வைத்தேன்.

"ஒரு நடைமுறை இருக்கிறது" என்றேன். "தராசு தவறு காட்டினால் அதை உடனே பறிமுதல் செய்துவிட முடியாது. சோதித்த எடைக்கல் சரியானதா என்று முதலில் பார்க்க வேண்டும். நான் கையில் கொண்டுபோகும் கற்களையும் ஆய்வகத்தில் சரிபார்த்துத்தான் தருகிறார்கள். கல்லில் குறை இருந்தால் அந்தச் சோதனை செல்லாது."

"அதனால?"

"இந்தச் சோதனையில் கல் நான்தான். எனவே சோதனை செல்லாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு உதட்டோரம் அசைந்தது.

"அப்ப உங்களுக்கு யாரு முத்திரை குத்துறது?"

வட்டித் தொகையை என் பணத்திலிருந்து கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அட்டை, பாபின்களோடு இழுப்பறைக்குத் திரும்பியது.

ஆகஸ்டு 22, வியாழன்

ஒரு சந்தேகம் மட்டும் நிற்கிறது. விதிமுறை பதிவில் ஏறாது என்கிறது. ஏறியிருந்தால்? இயந்திரக் கடனுக்கு மனு கொடுத்தபின்தான் தெரியும். கல்யாண ஆர்டர் இரண்டு வந்திருக்கின்றன. இயந்திரம் வருமென்று நம்பி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 4, புதன்

ஆடி மளிகை உட்பட முழுத் தொகையும் செலுத்தப்பட்டது. கெடுவுக்கு ஐந்து நாள் முன்னதாக. நான் ஒன்றும் சுட்டிக்காட்டவில்லை.

செப்டம்பர் 11, புதன்

வங்கிக்குச் சென்றோம். சோதனை செல்லாது என்றானபின் ஒப்பந்தமும் செல்லாதுதான். ஆயினும் ஜாமீன் கையெழுத்திடுவதென்று நானே முடிவு செய்தேன். சம்பளச் சான்றுகள், வீட்டுப் பத்திரம், பணிப்பதிவேட்டின் நகல் எல்லாம் ஓர் உறையில். செண்பகம் பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள். கை கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேலாளர் ஓர் இளம்பெண். கணினியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். ஆகஸ்டு ஒன்பதாம் தேதியைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் காசோலை, அந்தப் பெட்டி, அந்தக் காவலர் எல்லாம் அந்தத் திரையில் தெரிவதாக நினைத்தேன்.

"மேடம், உங்க கிரெடிட் ஸ்கோர் தொள்ளாயிரத்துக்கு எண்ணூத்திப் பத்து" என்றார் இறுதியில். "ஏழு வருஷத்துல ஒரு லேட்டுகூட இல்ல. இப்படிப் பாக்கிறதே அபூர்வம் மேடம்."

செண்பகம் மூச்சை விட்டாள். எனக்குக் கேட்டது. நானும் விட்டேன், அவளுக்குக் கேட்டிருக்கும்.

"ஜாமீனுக்கு நான் இருக்கிறேன்" என்று உறையை நீட்டினேன்.

மேலாளர் என் விவரங்களைப் பதிந்து காத்திருந்தார். மறுபடி பதிந்தார். "சார், உங்க பேர்ல ஒண்ணுமே வரலை."

"வராது. நான் எந்தக் கடனும் வாங்கியதில்லை."

"அதான் சார். நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. நீங்க வாங்குனதே இல்லன்னா திருப்பிக் குடுப்பீங்களான்னு சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்?"

நான் பேச வாயெடுத்தேன். ஆலங்குடிப் பாத்திரக் கடையின் புத்தம் புதிய தராசு நினைவுக்கு வந்தது; உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"ஆனா ஜாமீனே தேவையில்ல சார். மேடம் பேருக்கே குடுத்துடலாம். நீங்க இங்க சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

சாட்சியாகக் கையொப்பமிட்டேன். இதுவரை இட்ட முத்திரைகள் எதையும் இவ்வளவு கவனத்துடன் இட்டதாக நினைவில்லை.

படியிறங்கும்போது செண்பகம் கேட்டாள்: "ஜாமீன் போடுறேன்னு எழுதிக் குடுத்தீங்க. போட முடியலையே?"

"வங்கிதான் வேண்டாம் என்றது."

"உங்களைப் பேங்குக்கே தெரியலையாம். நான் வேணா சொல்லி வைக்கட்டுமா, நம்ம வீட்டுக்காரருதான், நல்ல மனுசந்தான்னு?"

படியில் நின்று சிரித்தாள். மக்கள் பார்த்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

முடிவு: அட்டை இவ்வீட்டில் இருக்கத் தகுந்தது. அட்டையை விட, அதை வைத்திருப்பவள். கடனின்றி வாழ்வது இழிவல்ல. கையில் நிதானம் இல்லாதவருக்கு அதுவே பாதுகாப்பு என்று இன்றும் சொல்வேன். ஆனால் நான் கடனின்றி வாழ்ந்ததாக இனி எழுத மாட்டேன். எனக்காக ஒருத்தி ஆடிதோறும் வாங்கி, ஆவணிதோறும் திருப்பியிருக்கிறாள்.

இயந்திரம் அடுத்த வாரம் வருகிறது. முன்னறையில் இடம் போதாது என்பதால் என் மேசையைப் பின்னறைக்கு மாற்றிவிட்டேன். இழுப்பறையில் கிடந்த அட்டை உறைக்குள் இணை அட்டைக்கான படிவம் ஒன்று இருந்தது. நாளை அதை நிரப்பி, செண்பகத்தின் அட்டையின்கீழ், அவள் குறிக்கும் வரம்புக்குள், எனக்கோர் அட்டை வேண்டுமென்று விண்ணப்பிப்பேன். முதன்மை அட்டைதாரருடன் உறவு என்ற கட்டத்தில் 'கணவன்' என்று எழுதி, கெடுவுக்குக் காத்திராமல் காலையிலேயே கொண்டுபோய், பெட்டியில் போடாமல் நேரில் கொடுப்பேன்.